வத்தல் சாக்கில் மூடிய கோகோ

பொள்ளாச்சியில் பிறந்த எல்லாருக்கும் கோகோ வளர்க்கத் தெரியும் என்று இராமநாதபுரத்துக்காரர்கள் நம்புகிறார்கள். நான் பிறந்ததென்னவோ பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால். கோகோவை மிட்டாய்க் காகிதத்துப் படத்தில் பார்த்ததோடு சரி. ஆனால் கல்யாணமான புதிதில் என் மாமனார், "ஏத்தா, ஒங்க ஊருல தென்னைக்கு ஊடால கோகோ போடுறாகளாமே, ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டபோது தலையை ஆட்டிவிட்டேன். (அவர் எதைக் கேட்டாலும் ஆட்டிவிடுவேன். அவ்வளவு பயம்.)

மாமனார் உச்சிப்புளிப் பக்கம் மிளகாய் வெள்ளாமைக்காரர். ஆறடி உயரம், பெரிய மீசை, பேச்சு மட்டும் சிக்கனம். மழை ஏமாற்றி மிளகாய் கருகிப்போன ஒரு வருடம், என் கணவர் நச்சரித்ததால் தென்னந்தோப்பில் கோகோக் கன்று நட்டார். நட்ட அன்றே சொல்லிவிட்டார்: "மொத காய்ப்பு வெலை போகலைன்னா அம்புட்டையும் வெட்டி எறிஞ்சிருவேன்." சொல்லும்போது மகனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். அதன் பிறகு தோப்பில் ஓர் இலை பழுத்தாலும், அவர் கண்ணில் படுமுன் ஓடிப்போய்ப் பறித்துவிடுவேன்.

ஒருவழியாகச் செடி காய்த்தது. மதுரையில் வீட்டிலேயே சாக்லேட் செய்து விற்கும் ஒருவர், விதையைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். காயை உடைத்து, பிசுபிசுவென்றிருக்கும் விதையைக் கூடையில் குவித்து, சாக்கால் மூடிப் புளிக்கவிட்டு, பிறகு வெயிலில் காயப்போட வேண்டும் என்று போனிலேயே பாடம் நடத்தினார். அப்படியே செய்தேன். மிளகாய்க்காரர் வீட்டில் சாக்கு என்றால் மிளகாய் வத்தல் சாக்குதானே? நன்றாக உதறித்தான் போட்டேன். காயப்போட்டதும் வத்தல் காயும் களத்தில்தான். (அந்த நாட்களில் விடாமல் தும்மினேன். ஜலதோஷம் என்று கஷாயம் வேறு குடித்தேன்.)

மதுரைக்காரர் வரும் நாள் காலையில் ஒரு விதையைக் கடித்துப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உற்றுப் பார்த்தால், கோகோ விதைமேலெல்லாம் வத்தல் விதை ஒட்டிக் காய்ந்திருக்கிறது. கணவரிடம் சொல்ல ஓடினால், அவர் விருந்தாளியை அழைத்துவர பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டார். வாசலில் மாமனார் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு அவரைச் சட்டையோடு அன்றுதான் பார்க்கிறேன்.

வந்தவர், கொஞ்சம் வறுத்துப் பார்ப்போம் என்றார். இரும்புச் சட்டி சூடேறியதும் கிளம்பியது நெடி. முதலில் அவர் இருமினார், பிறகு என் கணவர், பிறகு தொழுவத்து மாடு. அப்படியும் விடாமல் ஒன்றை வாயில் போட்டவர், முகம் சிவந்து வாசலுக்கு ஓடினார். இதில் என்ன போட்டீர்கள் என்று கேட்டார்.

மாமனார் ஒரு விதையை எடுத்து நிதானமாக மென்றார்.

"போன வருசத்து வத்தலு," என்றார்.

எழுந்து, கூரையில் செருகியிருந்த அரிவாளை உருவிக்கொண்டு தோப்புக்குள் போனார்.

என் கதை முடிந்தது என்றே நினைத்தேன். பொள்ளாச்சிக்கு எத்தனை மணிக்கு பஸ் என்றுகூட மனசு யோசித்தது. தோப்பிலிருந்து வெட்டும் சத்தம் கேட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

திறந்தபோது மாமனார் இளநீர்க் குலையோடு நின்றார். ஒன்றைச் சீவி, இருமிக்கொண்டிருந்தவரிடம் நீட்டினார். பிறகு சட்டியிலிருந்து ஒரு கை அள்ளி வாயில் போட்டு, மென்றுகொண்டே சொன்னார்:

"செடி நிக்கட்டும்த்தா. இத நான் தின்னுக்கிறேன். அடுத்த காய்ப்புக்குப் புதுச் சாக்கு வாங்கு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நெடி என்று சொல்லிச் சமாளித்தேன்.

அடுத்த காய்ப்பு விலை போயிற்று. மதுரைக்காரர் இப்போதும் வந்தால், விதையை முகர்வதற்கு முன் சாக்கை முகர்கிறார். மாமனாருக்கு மட்டும் வருடம் ஒரு கூடை பழைய சாக்கில்தான் மூட வேண்டும். கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள அவருக்கு அதுதான் வேண்டுமாம். என் கணவரோ, நான் பாயசம் வைக்கும் நாளெல்லாம், முதல் வாய்க்கு முன் தண்ணீர்ச் சொம்பைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொள்கிறார்.