தாய்மாமன் முகத்தில் இன்ஜின் ஆயில்

காரின் பானெட்டைத் திறந்து பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் ஒரே முகம்தான் வரும். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, உள்ளே இருப்பதெல்லாம் புரிந்துவிட்டது போல "ம்ம்" என்பார்கள். ஒன்றும் புரிந்திருக்காது. சத்தமில்லாமல் மூடிவிட்டுப் போய்விடுவார்கள். அவர்கள் புத்திசாலிகள். நான் ஸ்பேனரை எடுத்தேன்.

அப்போது நானும் என் கணவர் பாஸ்கரும் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரில் குடியிருந்தோம். நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். அவருக்கு சாமையும் தேனும் வாங்கி விற்கிற ஒரு சொசைட்டியில் வேலை. எங்களிடம் ஒரு வெள்ளைக் கார் இருந்தது. என் அப்பா ஓட்டி, பிறகு தம்பி ஓட்டி, இனிமேல் இதை யார் ஓட்டுவது என்ற கேள்வி வந்தபோது எனக்குச் சீதனமாக வந்த கார். எங்கே நிறுத்தினாலும் தரையில் கறுப்பாக ஒரு வட்டம், பக்கத்திலேயே பச்சையாக ஒரு வட்டம். (எங்கள் வாசலில் கோலம் இல்லாத குறையை அதுதான் தீர்த்துவைத்தது.) கறுப்பு இன்ஜின் ஆயில், பச்சை இன்ஜினைக் குளிர வைக்கிற கூலன்ட்.

அந்த வருடம் மாசியில் என் நாத்தனார் கவிதா தன் பையனுக்குப் படவேடு கோயிலில் மொட்டையும் காதுகுத்தும் வைத்திருந்தாள். பாஸ்கர் அவளுக்கு ஒரே அண்ணன். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும் என்பதால் அவர் இல்லாமல் விசேஷம் இல்லை.

"முந்தின நாளே பஸ் புடிச்சி வந்துடுங்க அண்ணி. அந்தக் காரை நம்பாதீங்க" என்றாள் போனில்.

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னைக் கிளப்பிவிட்டது.

மொபைலில் ஒரு வீடியோ பார்த்தேன். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர், சட்டையில் ஒரு பொட்டு அழுக்குப் படாமல், ஆயில் ஒழுகுவதை நிறுத்திக் காட்டினார். இன்ஜினின் தலையில் ஒரு பெரிய மூடி இருக்கிறது. அதற்கு அடியில் வளையமாக ஒரு ரப்பர். அதன் பேர் கேஸ்கெட். அது காய்ந்துபோனால் ஆயில் கசியும். பழசை எடுத்துவிட்டுப் புதுசை வைத்தால் முடிந்தது. கூலன்ட் ஒழுகுவது இன்னும் சுலபம். ரேடியேட்டருக்குப் போகிற ரப்பர் குழாய் வெடித்திருக்கும். வேறு குழாய் மாட்டி, இரண்டு முனையிலும் கிளிப் போட்டு இறுக்க வேண்டும்.

திருப்பத்தூரில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் போய்க் கேட்டேன். கடைக்காரர் குழாயையும் கிளிப்புகளையும் கொடுத்து, கேஸ்கெட்டையும் எடுத்து வைத்துவிட்டு, "மெக்கானிக் யாருங்க மேடம்?" என்றார்.

"நான்தான்."

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். "அப்போ ரெண்டா எடுத்துக்கோங்க" என்றார்.

வியாழக்கிழமை பள்ளிக்கு லீவு சொன்னேன். காரணம் குடும்ப விசேஷம். (விசேஷம் மறுநாள்தான். ஆனால் என் குடும்பத்தில் கார் இல்லையா?) காலையில் ஆரம்பித்தேன். பழைய கேஸ்கெட் முறுக்கு மாதிரி நொறுங்கி வந்தது. சுரண்டினேன், துடைத்தேன், புதுசை வைத்தேன், மூடியைப் போட்டு முடுக்கினேன். சமையலறைப் புனலை எடுத்து வந்து குறைந்த ஆயிலை ஊற்றினேன். புது குழாயை மாட்டினேன். கூலன்ட் ஊற்றினேன். ஒரு கிளிப் மீதி இருந்தது. கடைக்காரர் நல்ல மனுஷர், ஒன்று கூடுதலாகவே கொடுத்திருக்கிறார் என்று நினைத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த பாஸ்கர் தரையைக் குனிந்து பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. "பரவாயில்லையே" என்றார். அவர் கோபப்பட்டும் நான் பார்த்ததில்லை, பெரிதாகப் பாராட்டியும் பார்த்ததில்லை. அந்த ஒரு வார்த்தைக்கு நான் ராத்திரி முழுக்கச் சிரித்த முகமாகத் தூங்கியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை காலையில் பட்டுப்புடவை, பட்டு வேட்டி, பின் சீட்டில் சீர்த்தட்டுகள் என்று கிளம்பினோம். மலை இறக்கத்தின் முதல் சில வளைவுகள் அருமையாகப் போயின. பிறகு பாஸ்கர் மூக்கைச் சுளித்தார்.

"உமா, ஏதோ தீயுது."

"புது கேஸ்கெட்னா அப்படித்தான் வாசம் வரும். வீடியோவுல சொன்னாரு."

(சொல்லவில்லை.)

அடுத்த வளைவில் முன்பக்கம் "பொடேல்" என்று ஒரு சத்தம். கண்ணாடி முழுக்க வெள்ளைப் புகை. சூட்டைக் காட்டுகிற முள் மேலே போய் நின்றுவிட்டது. ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். பாஸ்கர் இறங்கிப் பானெட்டைத் தூக்கினார். உள்ளே எல்லா இடத்திலும் ஆயில். யாரோ குளித்துவிட்டுத் தலையை உதறினது போல நாலாபக்கமும் தெறித்திருந்தது. கூலன்ட் குழாய் ஒரு முனையில் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அவர் ரேடியேட்டர் மூடியைத் தொடப் போனார்.

"தொடாதீங்க! குக்கர் மாதிரி, ஆவி அடிச்சிடும்!" என்று கத்தினேன். அன்றைக்கு நான் உருப்படியாகச் சொன்ன ஒரே வார்த்தை அது.

கை துடைக்கப் பழைய துணி ஏதாவது கிடைக்குமா என்று அவர் பின் சீட்டில் சீர்த்தட்டுகளுக்கு நடுவே தேடினார். பிறகு வெற்றிலைக்கும் வாழைப்பழத்துக்கும் நடுவிலிருந்து வட்டமாக, கறுப்பாக எதையோ எடுத்து நீட்டினார்.

"இதையும் சீர்ல வெக்கணுமா?"

ஆயில் ஊற்றுகிற வாயின் மூடி. புனலை எடுக்க உள்ளே போனபோது, தொலைந்துவிடக் கூடாதே என்று, அங்கே அடுக்கியிருந்த சீர்த்தட்டில் பத்திரமாக வைத்திருக்கிறேன். கைப்பையில் இருந்த கிளிப்பும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. ஒரு நேரத்தில் ஒரு அதிர்ச்சி போதும்.

போன் அடித்தது. கவிதா. அவள் குரலுக்குப் பின்னால் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது.

"எங்க அண்ணி வர்றீங்க? மொட்டை அடிச்சதுலேர்ந்து கத்திக்கினே இருக்கான். பத்தரைக்கு ராகுகாலம். ஆசாரி வேற, மாமன் எங்க, மாமன் எங்கன்னு கேக்கறாரு."

"மலை எறங்கிட்டே இருக்கோம்மா" என்றேன். பொய் இல்லை. வண்டிதான் இறங்கவில்லை.

"நல்லா வருவீங்க" என்றாள். அழுகிறாளோ என்று இருந்தது. அதுவரை எனக்கு வந்த சிரிப்பெல்லாம் அந்த இடத்தில் நின்றுபோனது. ஒரு அண்ணனுக்காக ஒரு கோயில் நிறைய ஜனம் காத்திருக்கிறது. நான் அவரை ஒரு வளைவில் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

அப்போது மேலேயிருந்து புளி மூட்டை ஏற்றின குட்டியானை லோடு வண்டி ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்தவர் கோவிந்தசாமி, மலைக் கிராமத்து விவசாயி. அவர் பெண் என்னிடம்தான் படித்தாள்.

"இன்னா டீச்சர், வண்டி படுத்துக்கிச்சா?" என்று இறங்கி வந்து, பானெட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தார். இடுப்பில் கை வைத்தார். "ம்ம்" என்றார்.

"இன்னா ஆச்சுன்னு தெரியுதுங்களா?" என்றேன்.

"எனுக்கு இன்னா தெரியும்? ஆனா பளபளன்னு இருக்குது. ஏறுங்க, உட்டுட்டுப் போறேன்."

முன்னால் ஒரு சீட்டுதான். பட்டுப்புடவைக்கு அதைக் கொடுத்துவிட்டு, பாஸ்கர் சீர்த்தட்டுகளோடு புளி மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். ஏறுவதற்கு முன் வியர்வையை ஆயில் கையாலேயே துடைத்தார். நெற்றியில் ஒரு கறுப்புப் பட்டை. மூக்கைச் சொறிந்தார். மூக்கும் போச்சு. மீசையை நீவினார். மீசை காது வரைக்கும் நீண்டது. சொல்லியிருக்கலாம். ஆனால் துடைக்கத் துணியும் இல்லை, நேரமும் இல்லை, எனக்குத் தைரியமும் இல்லை.

கோயில் வாசலில் மொத்தக் குடும்பமும் நின்றது. தாய்மாமன் புளி மூட்டை மேலிருந்து, ஒரு தட்டைத் தலைக்கு மேலே பிடித்தபடி இறங்கினார். மேளக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். என் மாமியார், "அடப்பாவி, மூஞ்சில இன்னாடா?" என்றார். கவிதா அண்ணனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"அப்புறம் திட்டு, கவிதா. முதல்ல காதைக் குத்துங்க" என்று சொல்லிப் பாஸ்கர் மணையில் உட்கார்ந்தார். கழுவக்கூட விடாமல் குழந்தையை அவர் மடியில் வைத்தார்கள்.

காலையிலிருந்து நிறுத்தாமல் அழுத பிள்ளை மாமன் முகத்தை அண்ணாந்து பார்த்தது. வாய் திறந்தபடியே அழுகையை நிறுத்திவிட்டது. விரலை நீட்டி மீசையைத் தொட்டது, விரலைப் பார்த்தது, மறுபடி மீசையைத் தொட்டது. பிறகு கெக்கெக்கென்று சிரிக்க ஆரம்பித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவிலேயே ஆசாரி ஒரு காதைக் குத்திவிட்டார். இன்னொரு காதுக்குத்தான் ஒரு சின்னச் சிணுங்கல்.

"இந்த மாமனை எல்லா காதுகுத்துக்கும் இட்டுக்கினு வாங்க" என்றார் ஆசாரி.

முதலில் சிரித்தது கவிதாதான். சிரித்துக்கொண்டே என் முதுகில் ஒரு அடி வைத்தாள். வலித்தது. ஆனால் எங்களுக்குள் எல்லாம் சரியாகிவிட்டது என்று அந்த அடியில்தான் தெரிந்தது. காரைப் பிற்பாடு போளூர் மெக்கானிக் ஒருவர் வந்து இழுத்துப் போனார். நான் பக்கத்தில் போகவில்லை.

அடுத்து அவளுக்குப் பெண் பிறந்து காதுகுத்து வந்தபோது, "அண்ணி, அண்ணனை அதே மாதிரி பூசி அனுப்புங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். இன்ஜின் ஆயில் வேண்டாமென்று கண் மை பூசினோம். அந்தக் குழந்தையும் சிரித்தது. பிறகு சித்தப்பா வீட்டில், பெரியப்பா வீட்டில் என்று எங்கே காதுகுத்து நடந்தாலும், தாய்மாமனை உட்கார வைத்ததும் யாராவது மையோடு வந்துவிடுகிறார்கள்.

போன மாதம் ஆரணியில் ஒரு காதுகுத்து. தாய்மாமன் ஒரு வக்கீல், கடுகடுப்பான மனிதர். அவரும் பேசாமல் முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் வழக்கம் தெரியாத ஒரு சம்பந்தி அம்மா என் பக்கம் சாய்ந்து, "இது எந்த சாமிக்கு வேண்டுதலுங்க?" என்று பயபக்தியோடு கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் மாமியார் முந்திக்கொண்டார்.

"அது வேண்டுதல் இல்லீங்க. இவ பொறந்த வூட்டுச் சீரு."