நூற்றிருபது முட்டைக்கோஸ்

இந்த வருஷம் கிம்ச்சி ஊறுகாய்க்கு முட்டைக்கோஸ் கழுவவே மாட்டேன் என்று சபதம் எடுத்தேன். நவம்பர் வந்தால் போதும், அறுபது கோஸ்! கழுவி, பிளந்து, உப்புப் போட்டுப் புரட்டி முடிப்பதற்குள் இடுப்பு என்னுடையதாக இருக்காது.

பக்கத்து வீட்டு குவாக்குக்கும் அதே கதி. ஆகவே பந்தயம் கட்டினோம். ஜாங்கி என்கிற எங்கள் கொரியச் சதுரங்கத்தில் தோற்றவன் இரண்டு வீட்டுக் கோஸையும் கழுவ வேண்டும். குவாக் சதுரங்கம் ஆடுவது, நான் சமைப்பது மாதிரி. நான் சமைக்கும் லட்சணம் தெருவுக்கே தெரியும்.

என் மனைவி சுனோக் மட்டும் கேட்டாள்.

"ஏங்க, ஆட்டம் டிரா ஆயிட்டா?"

"என் ஆட்டத்துல டிராவா? அப்படி ஆயிட்டா ரெண்டு பேருமே சேர்ந்து கழுவுறோம், போ!"

"ரெண்டு வீட்டுக்கும்?"

"ரெண்டு வீட்டுக்கும்!"

"பேச்சு மாறக்கூடாது."

ஆட்டம் தொடங்கியது. குவாக்கின் குதிரை, யானை எல்லாம் வரிசையாக என் மடிக்கு வந்தன. அவனுக்கு அந்தக் குளிரிலும் வேர்த்தது. சுனோக் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கோடு வந்து நின்றாள்.

"அண்ணே, அந்தச் சிப்பாயைக் கொஞ்சம் தள்ளி வைங்களேன். பாவம், ராஜா மொகத்தை மறைச்சிட்டு நிக்குது."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கேளுய்யா! பெரிய ஆட்டக்காரி சொல்றா, கேளு!"

வேறு வழி தெரியாத குவாக் தள்ளி வைத்தான். அவன் தேர் காவலில்லாமல் நின்றது. விடுவேனா? லபக்கென்று வெட்டினேன்.

"பிக்ஜாங்!" என்றாள் சுனோக்.

கிழங்கு என் தொண்டையில் நின்றுவிட்டது. நடுவில் மறைப்பே இல்லாமல் இரண்டு ராஜாக்களும் முகத்துக்கு முகம். அப்படி நின்றால் அடுத்து காய் நகர்த்துபவன் உடனே விலக வேண்டும். விலகாவிட்டால் ஆட்டம் டிரா. தேரைப் பார்த்த ஆசையில் என் ராஜாவை நான் மறந்தே போனேன்.

"அடிப்பாவி! இதையெல்லாம் எங்கடி கத்துக்கிட்ட?"

"இருபது வருஷமா பூங்காவுல தோத்துட்டு வந்து, எந்தக் காய் எங்க நின்னுச்சுன்னு சோத்துத் தட்டுல வச்சுக் காட்டுறீங்களே, அதுலதான்."

இப்போது ரப்பர் கையுறையோடு நானும் குவாக்கும் முற்றத்தில், நூற்றிருபது கோஸுக்கு நடுவில். எங்கள் பலகையில் ஆடுவது அவன் மனைவியும் என் மனைவியும். நடுவில் சுனோக் எழுந்து வந்து, வேகவைத்த பன்றிக்கறியைப் புதுக் கிம்ச்சியில் சுற்றி என் வாயில் ஊட்டினாள். கோபப்படத்தான் நினைத்தேன். அவள் கையால் சாப்பிட்டால் எனக்குக் கோபம் நிற்பதில்லை, என்ன செய்ய?

"அடுத்த வருஷம் எங்கம்மா வீட்டு நூறு கோஸும் வருது," என்றாள். "அதுக்குள்ள நல்லா ஆடிப் பழகுங்க."