பால்வினையும் பசும்பாலும்

நோயை மருந்தால் ஒழித்த நாடுகள் உண்டு. நாகரிகத்தாலேயே ஒழித்த பெருமை, கச்சிராயபாளையத்தில் கூடிய எங்கள் ‘பால்வினை நோய் விழிப்புணர்வுக் குழு’வுக்கே உரியது. குழுவின் செயலாளன் என்ற முறையில் தன்னடக்கத்துடன் சொல்கிறேன்.

தலைவர் தெய்வசிகாமணி கரும்புத் தோட்டக்காரர், மானஸ்தர்.

“பேனர்ல நோவுக்குப் பேரு போட்டாச்சு. அது எப்டி வருதுன்னு வேற சொன்னா சபை அசிங்கமாப் பூடும்” என்றார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

பேனரைப் பார்த்ததும் கறவை மாடு வைத்திருந்த அத்தனை பேரும் திரண்டார்கள். சிலர் மாட்டையும் ஓட்டி வந்தார்கள். தலைவர் ‘ஒழுக்கம்’ பற்றி வெகுநேரம் முழங்கினார். மாடுகள் அசைபோட்டபடி ஆமோதித்தன.

அப்போதுதான் களையெடுக்கும் கூலிக்காரி இருசம்மாள் எழுந்தாள். நிறைமாதம்.

“வூட்டுக்காரரு வெளியூரு வேலைக்குப் போய்ட்டு வந்ததுலேர்ந்து எனக்கு வெள்ளை ஜாஸ்தியாப் படுதுங்க. ஒண்ணுக்குப் போனா எரியுது. புள்ளைக்கு இன்னா ஆவுமோன்னு பயமாக்கீதுங்க.”

தலைவர் காதைப் பொத்திக்கொண்டார். சபையின் மானத்தைக் காக்க நான் பேனரைக் காட்டினேன்.

“எல்லாம் அதுல எழுதிக்கீது, பாரும்மா.”

எழுத்துக்கூட்டினாள். “பால்... வினை... நோய். பாலாலதான் வருதுங்களா?”

“ஆமா, பாலாலதான்” என்றேன். இலக்கணப்படி அதில் பிழை கிடையாது.

“டீயில கூட ஊத்தக் கூடாதுங்களா?”

“குந்தும்மா!” என்றார் தலைவர்.

அன்றோடு இருசம்மாள் பாலை விட்டாள். ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. நோயின் மூலகாரணமே தெரிந்துவிட்ட பிறகு டாக்டர் எதற்கு? விழிப்புணர்வு என்றால் இதுவல்லவா!

வீட்டிலேயே பெண் குழந்தை பிறந்தது. இரண்டொரு நாளில் கண் இரண்டும் வீங்கிச் சீழ் வடிந்தது. கள்ளக்குறிச்சிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

“உன் நோய்தாம்மா குழந்தை கண்ணுல ஏறியிருக்கு. முன்னாடியே வந்திருந்தா மருந்துலேயே போயிருக்கும். இப்ப பார்வை போயிடுச்சே” என்றார் டாக்டர்.

“கூட்டத்துக்குப் போனேங்களே. பாலைக்கூட நிறுத்திட்டேங்களே” என்றாளாம்.

சென்ற வாரம் எங்கள் குழுவுக்குப் பாராட்டு விழா. சந்தன மாலை, பொன்னாடை, புதுப் பேனர். கூட்டத்தில் இருசம்மாளும் குழந்தையோடு நின்றிருந்தாள். பழக்க தோஷம், பேனரை எழுத்துக்கூட்டினாள்.

“விழி... விழின்னா கண்ணுதானுங்களே? எம் பொண்ணு கண்ணு போனதுக்குங்களா இந்த விழா?”

இலக்கணப்படி அதிலும் பிழை கிடையாது.