ரிஜெக்ட் சாரும் உப்புமாவின் பாலிசியும்

மேனாம்பேட்டில் நாங்கள் குடியிருந்த தெருவில், ரிஜெக்ட் சாரிடம் பாஸான பொருள் ஒன்றுகூடக் கிடையாது. பொருள் மட்டுமா, மனிதர்களும்தான். சொந்த மாப்பிள்ளையையே, கல்யாணமாகிப் பேரன் பள்ளிக்கூடம் போகிற காலத்திலும், "பாத்துகிட்டிருக்கேன், இன்னும் முடிவு பண்ணல" என்றுதான் சொல்வார்.

ஆவடிப் பக்கம் ராணுவத் தளவாடம் செய்யும் தொழிற்சாலையில், பாகங்களைச் சோதித்துப் பார்க்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தேறாத பாகத்துக்குச் சிவப்புச் சாக்பீஸால் பெருக்கல் குறி, தேறியதற்குப் பச்சை டிக். வேலை அவரை விட்டுவிட்டது. அவர் வேலையை விடவில்லை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு வெர்னியர் இருக்கும். தகட்டின் கனத்தை அளக்கிற அந்தக் கருவியால் அவர் இட்லியின் கனத்தை அளப்பதை நானே பார்த்திருக்கிறேன். கூடவே சாக்பீஸ்.

கேஸ் சிலிண்டர், தண்ணீர் கேன், கீரைக்காரம்மாவின் தராசு, புதிதாகப் போட்ட தார் ரோடு, எல்லாவற்றிலும் சிவப்புப் பெருக்கல். எதிர்வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்களின் கார் டயரிலும் ஒருமுறை போட்டுவிட்டார். பெண்ணின் அம்மா அதைச் சகுனமாக எடுத்துக்கொள்ள, அந்தச் சம்பந்தமே நின்றுபோனது. தெருவே போய்க் கேட்டதற்கு, "தேஞ்சிருந்தது டயரு. பையனப் பத்தி நான் ஒரு வார்த்தை சொன்னேனா?" என்றார்.

பச்சைச் சாக்பீஸ் எங்கே சார் என்று கேட்டால், "இருக்கு, இருக்கு" என்று பையைத் தட்டுவார். கண்ணால் கண்டவர் யாருமில்லை. அப்படி ஒன்று கிடையவே கிடையாது என்பது தெருவின் தீர்ப்பு.

இப்படிப்பட்ட தெருவில்தான் எங்கள் வீட்டுக்கு ஒரு நாய் வந்து சேர்ந்தது. மண்ணூர்பேட்டையில் என் கணவர் வேலை பார்க்கும் கம்பெனி வாசலில் சுற்றிக்கொண்டிருந்த நாட்டு நாய். வந்த அன்றே, யாரும் தொடாத என் உப்புமாவைச் சட்டியோடு காலி செய்தது. என் மகள் யாழினிக்கு நாலு வயது. அவள் அந்த இடத்திலேயே அதற்கு உப்புமா என்று பெயர் வைத்துவிட்டாள். சாப்பாட்டோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. அழிரப்பர், ஒற்றைச் சாக்ஸ், பொம்மையின் கால் என்று எதையும் விழுங்கியது. யாழினி அதன் முதுகில் தலைவைத்துத்தான் கார்ட்டூன் பார்ப்பாள்.

நான் பயந்த சுபாவம். குழந்தை தும்மினால் போனில் தேட ஆரம்பித்து, அரைமணியில் அறுவை சிகிச்சை வரை போய்விடுவேன். நாய் விழுங்கிய பொருள் குடலில் சிக்கினால் என்ன ஆகும் என்று ஒருநாள் தேடினேன். தேடியிருக்கக் கூடாது. உப்புமாவுக்கு ஒன்று ஆகிவிட்டால் யாழினியிடம் என்ன சொல்வேன் என்ற கேள்வி சோறு வடிக்கும்போதுகூடத் துரத்தியது. அப்போதுதான் செல்லப் பிராணிகளுக்கு இன்சூரன்ஸ் என்ற விளம்பரம் வந்தது. நான் விசாரித்தேன். சனிக்கிழமை நேரிலேயே வருவதாக ஒரு ஏஜென்ட் சொன்னார்.

அதற்குள் முடிவெடுக்க வேண்டும். வருடாவருடம் கட்ட வேண்டிய தொகை லேசானதல்ல. கணவரிடம் கேட்டேன். "நமக்கே உருப்படியா பாலிசி இல்ல, நாய்க்கு எதுக்கு?" என்றார். உப்புமா அவர் பாதத்தில் முகத்தை வைத்தது. "சரி, எடுத்துடேன்" என்றார். இவரை நம்பி எப்படி முடிவெடுப்பது? பாலிசி விவரங்களைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டுபோய் ரிஜெக்ட் சாரிடம் கொடுத்தேன்.

காகிதம் சிவந்துபோய்த் திரும்பி வந்தது. "ஏம்மா, காத்திருப்புக் காலம்னு, மொத கொஞ்ச நாளைக்குப் பணம் கிடையாதுன்னு போட்டிருக்கான் பாரு. அதுவரைக்கும் வியாதி எங்கம்மா காத்திருக்கும்? அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டுலயா?" தடுப்பூசிக்குப் பணம் தரமாட்டார்களாம், பெருக்கல். பழைய வியாதிக்குத் தரமாட்டார்களாம், பெருக்கல். சிவப்பு படாத வரி ஒன்றே ஒன்று: நாய் பிறரைக் கடித்தால் அந்தச் செலவைக் கம்பெனி ஏற்கும் என்பது. "இது ஒண்ணுதான் தேறும். மொதல்ல ஏஜென்ட்டைக் கடிக்கச் சொல்லு."

குறிப்பிட்ட வயதைத் தாண்டிய நாய்க்குப் பாலிசி கிடையாது என்றும் போட்டிருந்தது. தெருவில் பிறந்த நாய்க்கு வயதை யார் கண்டார்? அவர் வெர்னியரை எடுத்துக்கொண்டு பல்லை அளக்க வந்துவிட்டார். உப்புமா சமர்த்தாக வாயைத் திறந்து, அளந்து முடித்ததும் வெர்னியரை நக்கியது. அவருக்கு அதன் மேலும் சந்தேகம் வந்துவிட்டது. "ரொம்பப் பணிவா இருக்கு. பாலிசி எடுத்த மறுநாள் நொண்ட ஆரம்பிச்சா, உடனே எனக்குச் சொல்லு" என்றார். அதன் பிறகு தினமும் காலை நடையின்போது எங்கள் கேட்டருகே நின்று அதை முறைத்துப் பார்ப்பது வழக்கமாயிற்று.

வியாழக்கிழமை யாழினியைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டுத் திரும்பினேன். உப்புமா வாசலில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தது. பச்சையாக. இலைப் பச்சை இல்லை, பெயின்ட் பச்சை. எலி மருந்து என்றுதான் எனக்குத் தோன்றியது. கத்திவிட்டேன். மதியம் வேன் வரும், யாழினி இறங்கியதும் உப்புமா என்று கூப்பிடுவாள் என்பது மட்டும்தான் மனதில் ஓடியது.

என் குரல் கேட்டு ரிஜெக்ட் சார் வந்தார். ஒரு காலில் அவர் செருப்பு, இன்னொரு காலில் அவர் மனைவியின் செருப்பு. வந்தவர் ஊறுகாய் பாட்டில் ஒன்றைக் கேட்டு வாங்கி, அந்தப் பச்சையைக் கொஞ்சம் வழித்து மூடினார். "சாட்சியம்" என்றார். பிறகு சந்தேகப் பட்டியலைச் சொல்லத் தொடங்கினார். பின்வீட்டில் எலித்தொல்லை. கீரைக்காரம்மாவுக்குத் தராசு கோபம். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "சனிக்கிழமை வரேன்னவன் வியாழக்கிழமையே வந்துட்டுப் போயிட்டான். பயத்தக் காட்டினாத்தானே பாலிசி விக்கும்?" என்றார். சொன்னால் வெட்கம், நானும் ஒரு நிமிடம் நம்பினேன்.

தெருமுனை ஆட்டோவை நிறுத்தினோம். டிரைவர் எட்டிப் பார்த்தார். "இன்னா நைனா, நாய்க்கு இன்னா ஆச்சு?"

"கொலை முயற்சி."

"யாரு பண்ணது?"

"விசாரிச்சுகிட்டிருக்கேன்."

"குந்து. ஆனா ஒண்ணு, போன மாசம் பிரேக்கு சரியில்லன்னு பெருக்கல் போட்டுட்டுப் போனியே, அதே வண்டிதான் இது."

தன் கையால் ரிஜெக்ட் செய்த வண்டியில் அவரே முதலில் ஏறி உட்கார்ந்தார். உப்புமாவை மடியில் கிடத்திக்கொண்டார். வழியெல்லாம் அதன் காதைத் தடவிக்கொண்டே, டிரைவரிடம் வேகம் போதாது என்று குறை சொல்லிக்கொண்டு வந்தார்.

கால்நடை மருத்துவர் ஓர் இளம்பெண். வயிற்றை அமுக்கிப் பார்த்தார், வாயைத் திறந்து பார்த்தார். சாட்சிய பாட்டிலைத் திறந்து, உறை போட்ட விரலால் அந்தப் பச்சையைத் தேய்த்துப் பார்த்தார். அப்புறம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வீட்ல யாராவது சாக்பீஸ் வச்சிருக்கீங்களா?"

"நான்தான் வச்சிருக்கேன் டாக்டர். ஆனா என்கிட்ட இருக்கறது..." என்று பையில் கைவிட்டவர், வெர்னியரை வெளியே எடுத்தார். சிவப்பை எடுத்தார். மறுபடியும் கையை விட்டுத் துழாவினார். வெறுங்கையை வெளியே எடுத்தார்.

பயப்பட ஒன்றுமில்லை, உள்ளே போனதில் பெரும்பகுதி வெளியே வந்துவிட்டது, மிச்சமும் தானாகப் போய்விடும் என்றார் டாக்டர். எனக்கு மூச்சு வந்தது. ரிஜெக்ட் சார் சுவரில் ஒட்டியிருந்த மாட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"காலைல கேட்டாண்ட நின்னேம்மா. மார்க் போட்டுடலாம்னு பச்சைய எடுத்தேன். காதுல போடறதா முதுகுல போடறதான்னு யோசனை. அதுக்குள்ள மாப்பிள்ளை போன் பண்ணிட்டாரு. சாக்பீஸைச் சுவர் மேல வச்சேன். பேசிகிட்டே நடந்துட்டேன்."

"பச்சை மார்க்கா? உப்புமாவுக்கா சார்?"

"பின்ன, உன் வீட்டுக்காரருக்கா?"

மதியம் வேன் வந்தபோது உப்புமா வாலை ஆட்டிக்கொண்டு கேட்டில் நின்றது. யாழினிக்கு எதுவும் தெரியாது.

சொன்னபடி சனிக்கிழமை ஏஜென்ட் வந்தார். ரிஜெக்ட் சார் அழைக்காமலே வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். சமீபத்தில் நாய்க்கு உடல்நலக் குறைவு ஏதாவது உண்டா என்று ஏஜென்ட் கேட்டார். நான் சாக்பீஸ் கதையைச் சொன்னேன். "அதெல்லாம் எதுக்கு மேடம், இல்லன்னு போட்டுடறேன்" என்றார் அவர்.

"இன்னைக்கு நீ இல்லன்னு போடுவ. நாளைக்கு ஒண்ணுன்னா, மறைச்சுட்டாங்கன்னு உன் கம்பெனி சொல்லும். அப்ப நீ எந்த ஊர்ல இருப்ப தம்பி?"

தம்பி சிரித்தார். எனக்கும் பொய் எழுதி நிம்மதி வாங்கப் பிடிக்கவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னேன். அவர் வெளியே போய் ஆபீஸுக்குப் போன் செய்துவிட்டு வந்தார். எழுதினால், கண்டதை விழுங்குவதால் வரும் செலவு எதற்கும் பணம் கிடைக்காதாம். திருட்டுக்குக் கிடைக்குமாம். உப்புமாவை யார் திருடப் போகிறார்கள்? திருடினாலும் மறுநாள் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். அது செய்யக்கூடிய ஒரே காரியத்தைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு தரும் பாலிசி எனக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். ஏஜென்ட் கிளம்பும்போது அவர் பைக் டயரில் சிவப்புப் பெருக்கல் இருந்தது.

செய்தது சரியா என்று இன்றும் எனக்கு நிச்சயமில்லை. நல்ல ஜாதி நாயாக இருந்திருந்தால், குட்டியிலேயே பாலிசி எடுத்திருந்தால், லாபமாக இருந்திருக்குமோ என்று இப்போதும் கணக்குப் போடுகிறேன். ஆனால் மறுநாளிலிருந்து ரிஜெக்ட் சார் காலை நடைக்கு ஒரு துடைப்பத்தோடு வர ஆரம்பித்தார். எங்கள் கேட்டின் முன்னால் கிடக்கும் பாட்டில் மூடி, பிளாஸ்டிக் கவர், ஆணி என்று உப்புமா வாயில் போகக்கூடிய எதையும் விடமாட்டார். நான் கொடுக்கும் காபியைத் "தண்ணி" என்று ரிஜெக்ட் செய்வார். டம்ளர் மட்டும் காலியாகத்தான் திரும்பி வரும்.

போன வருடம் வெள்ளானூரில் வீடு கட்டிக் குடிபோனோம். சாமான் ஏற்றும் அன்று அவர் வந்து லாரி டயர், கட்டிய கயிறு, பீரோவின் கால் எல்லாவற்றிலும் பெருக்கல் போட்டார். உப்புமாவின் முன்னால் வந்து குனிந்தார். காதைத் தடவிவிட்டு நிமிர்ந்தார். சாக்பீஸை எடுக்கவே இல்லை.

"இதுக்கு மார்க் போடலயா சார்?" என்றேன்.

"அதான் உள்ள போட்டாச்சேம்மா" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.