எதிரிக் கோட்டைக்கு நான் அனுப்பிய அரிசி வண்டி

சொந்தப் படைக்கு வைத்திருந்த சோற்றை எடுத்து எதிரிக்குப் போட்ட சேனாதிபதி, இந்த ஷாதிபூரில் நான் ஒருத்திதான். வேறு ஊரில் யாராவது இருக்கலாம். இருந்தால் அவளுக்கும் ஒரு மருமகள் இருப்பாள், பாவம்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். (சிரிக்காம எழுதுடி, எழுத்து கோணுது.) ஆனால் போன் விளையாட்டுக்குப் படிப்பு எதற்கு? எல்லாம் படம்தானே. என் மருமகள் கவிதா ஆஸ்பத்திரியில் நர்ஸ். டியூட்டி முடிந்து வந்து, காலை நீட்டிக்கொண்டு அவள் ஆடுவது அந்தக் காலத்து ராஜாக்கள் சண்டை. மதில் கட்டிய ஊரை வளைத்துப் பிடிக்க வேண்டும். பிடிக்க வேண்டிய ஊர் யாருடையது தெரியுமா? எங்கள் தீவிலிருந்து கப்பலில் போகவேண்டிய இன்னொரு தீவான லாங் ஐலண்டில் வாக்கப்பட்டிருக்கும் என் மகள் ஜோதியுடையது. அண்ணியும் நாத்தனாரும் நேரில் பார்த்தால் கொஞ்சிக்கொள்வார்கள். போனில் வெட்டிக்கொள்வார்கள்.

ஒவ்வொரு தீபாவளிக்கும் அவர்களுக்குள் ஒரு பந்தயம் உண்டு. கோட்டை விழுந்தால் ஜோதி குடும்பத்தோடு இங்கே வரவேண்டும். விழாவிட்டால் நாங்கள் லாங் ஐலண்ட் போகவேண்டும். கேட்க லேசாகத்தான் இருக்கிறது. ஆனால் கவிதாவுக்குக் கப்பல் ஆகாது. ஜெட்டியில் கட்டிப் போட்ட கப்பலைப் பார்த்தாலே எலுமிச்சம்பழம் கேட்கிறவள் அவள். இரண்டு தீபாவளி தோற்று, இரண்டு தீபாவளியும் வாந்தி எடுத்துக்கொண்டே போய் வந்தாள்.

முயற்சி செய்யாமலா தோற்றாள்? முதல் வருஷம் ஏணி வைத்து ஏறினாள். ஜோதி கொதிக்கிற எண்ணெயை ஊற்றினாள். அடுத்த வருஷம் சக்கரம் வைத்த மரக் கோபுரத்தை உருட்டினாள். அது அகழியில் மாட்டிக்கொண்டது. (மழைக்காலத்துல நம்ம சந்துல ஆட்டோ மாட்டுமே, அப்படி.) மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டினாள். ஜோதி தண்ணீரைத் திறந்துவிட்டாள். என் மகள் அப்படிக் கெட்டிக்காரி. (இத எழுத வேணாம்டி. எழுதிட்டியா? போ.)

மூன்றாவது வருஷம் கவிதா அமைதியாக இருந்தாள்.

"இந்த வாட்டி ஒரு கல்லுகூட எறியப் போறதில்ல அத்தை. சுத்தி உக்காந்துட்டேன். உள்ள ஒரு வண்டி போக முடியாது. வாய்க்காலையும் அடைச்சாச்சு. அரிசி கதம் ஆச்சுன்னா அவங்களே கதவத் தொறப்பாங்க."

"அடியே, இதுக்கா இவ்வளவு மூளை? அரிசிக் கப்பல், ஜஹாஜ் வரலைன்னா நம்ம தீவுல ஆகறதுதானே?"

"அதேதான்! ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரைக்கும் உக்காந்திருந்தாப் போதும். இந்த தீபாவளிக்கு நான் கப்பல் ஏற மாட்டேன்."

ஞாயிறு காலை பார்த்து அவளுக்கு டியூட்டி விழுந்தது. என் மகனிடம் போனைக் கொடுத்திருக்கலாம். அவனிடம் கொடுத்த போன் சார்ஜோடு திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. அதனால் என்னிடம் கொடுத்தாள்.

"மணிக்கு ஒரு தடவ இந்த அண்டாவ அமுக்குங்க. நம்ம ஆளுங்க சாப்பிடுவாங்க. மத்தது எதையும் தொடாதீங்க."

சத்தியமாகத் தொடக்கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் மதில் மேல் குட்டிக் குட்டியாக ஜனங்கள் இருந்தார்கள். முதலில் தட்டில் ஏதோ இருந்தது. அப்புறம் தட்டு காலி. அப்புறம் ஒருத்தி, இடுப்பில் பிள்ளையோடு வந்து, பானையைக் கவிழ்த்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

அந்தக் கவிழ்த்த பானைதான் என்னைக் கெடுத்தது. நான் கல்யாணமாகித் தீவுக்கு வந்த புதிதில் ஒரு தடவை மெயின்லேண்டிலிருந்து கப்பல் வரவே இல்லை. பப்பாளிக்காயை உப்புப் போட்டு அவித்துத் தின்றோம். கடைசியில் ஹாரன் கேட்டதும் மொத்தக் காலனியும் ஜெட்டிக்கு ஓடியது. நான் ஒரு காலில் மட்டும் செருப்போடு ஓடினேன்.

எங்கள் கூடாரத்துப் பக்கத்தில் மூட்டை ஏற்றிய வண்டி ஒன்று நின்றது. விரலால் இழுத்துக்கொண்டு போய்க் கோட்டை வாசலில் விட்டேன். (எதிரிக்குச் சோறு அனுப்பறதுக்கும் வழி வெச்சிருக்கான் பாருங்க, எந்தப் புண்ணியவானோ!) கதவு திறந்தது. வண்டி உள்ளே போனது. ஜனங்கள் மதில் மேல் குதித்து ஆடினார்கள். பானைக்காரி எழுந்து நின்றாள்! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒரு வண்டியோடு நிறுத்த முடியுமா? பந்தியில் உட்கார்ந்தவருக்கு ஒரு கரண்டியோடு நிறுத்துவோமா? இருந்த வண்டி எல்லாவற்றையும் அனுப்பினேன். பிறகு பொறுப்பாக அண்டாவை அமுக்கினேன். அண்டா காலி. எங்கள் சிப்பாய்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு வரிசையாக நடையைக் கட்டினார்கள். நான் கையாட்டி வழியனுப்பி வைத்தேன். பாவம், அவர்களுக்கும் தீபாவளி உண்டுதானே.

மதியம் ஜோதி போன் செய்தாள்.

"அம்மா, அண்ணிக்கு உடம்பு சரியில்லையா? எனக்குச் சோத்த அனுப்பிட்டுப் படையக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க! நான் ஜெயிச்சுட்டேன்!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கவிதா மறுபடி கப்பல் ஏறவேண்டும்.

கவிதா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள்.

"க்யா ஹுவா அத்தை, என்ன ஆச்சு? கோட்டை விழுந்துச்சா?"

"எல்லாரும் நல்லா இருக்காங்கம்மா."

"யாரு எல்லாரும்?"

"உள்ள இருக்கறவங்க."

அவள் போனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"பொண்ணு கோட்டைன்னதும் பாசம் பொத்துக்கிட்டு வந்துருச்சோ?"

"ஜோதிய நெனைக்கவே இல்லடி! பாவம், ஒருத்தி பானையக் கவுத்துட்டு…"

"அது பொம்ம அத்தை!"

அவள் நம்பவில்லை. எனக்கு மகள் ஒசத்தி, மருமகள் மட்டம் என்று முடிவு கட்டிவிட்டாள். இரண்டு நாள் அப்பளம் இல்லாமல் சோறு வந்தது. கப்பலில் அவளுக்குப் பையைப் பிடித்தது நான்தான். ஒவ்வொரு அலைக்கும் ஒரு பார்வை பார்த்தாள். கடலில் குதித்துவிடலாம் போலிருந்தது. (நீச்சல் தெரியாது, அதனால விட்டுட்டேன்.)

தீபாவளி முடிந்தது. திரும்பலாம் என்று ஜெட்டிக்குப் போனால், அங்கிருந்தவர் வானத்தைக் காட்டினார். "மௌசம் கராப் ஹை. ஜஹாஜ் பந்த்." காற்றும் மழையுமாம், கப்பல் கிடையாதாம். மறுநாளும் பந்த். அதற்கு மறுநாளும். நாங்கள் நாலு பேரும் ஜோதி வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டோம். வெங்காயம் தீர்ந்தது. உருளைக்கிழங்கு தீர்ந்தது. படகே வராததால் கடையிலும் ஒன்றுமில்லை.

ஆறாம் நாள், தோசைத் தட்டோடு உட்கார்ந்திருந்த கவிதா சட்டென்று நிமிர்ந்தாள்.

"ஜோதி, அரிசி எவ்வளவு இருக்கு?"

"நாளை வரைக்கும் வரும் அண்ணி."

"பருப்பு?"

"ஏன் கேக்கறீங்க?"

கவிதா என் பக்கம் திரும்பினாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள்.

"அத்தை, இப்ப நீங்க எந்தப் பக்கம்?"

நான் தட்டை நீட்டினேன். "ஜோதி, எனக்கு இன்னும் ரெண்டு தோசை போடும்மா."

என் வயிற்றுக்கு நாலு தோசை அதிகம்தான். ஆனாலும் மருமகளுக்காகத் தின்றேன். ஐந்தாவது கேட்டபோது ஜோதி அடுப்பை அணைத்துவிட்டு, மாப்பிள்ளையின் வெள்ளைத் துண்டைக் கரண்டியில் கட்டி ஆட்டினாள்.

"தோத்துட்டேன்! கோட்டைய எடுத்துக்குங்க! இனிமே தீபாவளிக்கு நாங்களே வர்றோம், மொதல்ல நீங்க கெளம்புங்க!"

மறுநாள் காலை ஹாரன் கேட்டது. இந்தத் தடவை இரண்டு செருப்பும் போட்டுக்கொண்டு ஓடினேன்.

அதிலிருந்து ஜோதிதான் வருகிறாள். வரும்போதெல்லாம் மாப்பிள்ளை தலையில் ஒரு அரிசி மூட்டையை ஏற்றிக்கொண்டு வருவாள். கவிதா ஜன்னலில் பார்த்துவிட்டு உள்ளே குரல் கொடுப்பாள்:

"அத்தை, வண்டி வந்துருச்சு. ஓடிப் போயி கதவத் தொறங்க. அதுதான் உங்களுக்கு நல்லா வருமே!"