பொரித்தட்டுக்கு அடியில் ஒரு லேப்டாப்

ஒரு பொத்தானை அழுத்தி லேப்டாப்பை அணைத்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. அந்தப் பொத்தான் என் லேப்டாப்பிலும் இருந்தது. அழுத்தினால் கௌரவக் குறைச்சல் என்று நினைத்தேன்.

அப்போது பெங்களூரில் வேலை போய், திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்திருந்தேன். அப்பாவுக்கு ரிக் தொழில். ஊர் ஊராக வண்டி அனுப்பி, ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடுவது.

"ஆபீசுல உக்கோந்து போனெடுக்க ஆளில்ல. ஊட்டுலயே ஆள வெச்சுக்கிட்டு வெளிய தேடறேன்" என்று தினமும் சோற்றோடு சேர்த்துப் போடுவார்.

நான் லினக்ஸ் ஆள்; ஊரே போடும் விண்டோஸை என் லேப்டாப்பில் சேர்ப்பதில்லை. (லினக்ஸ் போட்டவனுக்கு மற்றவர்கள் எல்லாம் பாமரர்கள்.) ஒரு வெளிநாட்டுக் கம்பெனியில் கடைசிச் சுற்று இன்டர்வியூ மட்டும் பாக்கி. நான் எழுதிய புரோகிராமை என் லேப்டாப்பிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லியிருந்தார்கள். கிடைத்தால் பெங்களூர், இல்லாவிட்டால் ரிக் ஆபீஸ்.

அந்த லேப்டாப்புக்கு ஒரு வியாதி. மூடினால் தூங்காது. திரை மட்டும் கறுக்கும், உள்ளே விசிறி ஓடிக்கொண்டே இருக்கும். விண்டோஸ் வைத்திருந்த என் தங்கை டப்பென்று மூடிவிட்டுப் போவாள். அவளுடையது சொன்ன பேச்சைக் கேட்கும். எனக்கு மானம் போயிற்று. இன்டர்வியூவுக்குப் படிக்க வேண்டிய நாட்களை அதைத் தூங்க வைப்பதில் தொலைத்தேன். முகம் தெரியாத ஆட்கள் இணையத்தில் எழுதியிருந்த கட்டளைகளை ஒன்றுவிடாமல் அடித்தேன். சாதாரணத் தூக்கம் வரவில்லை என்றதும் ஹைபர்னேட்டில் இறங்கினேன். அதாவது, திறந்திருப்பதையெல்லாம் டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு முழுசாக அணைந்துவிடும். மறுபடி போட்டால் விட்ட இடத்திலிருந்து எழும். ஒருநாள் அது நடந்தேவிட்டது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"எப்பவும் போலத்தான இருக்குது சாமி?" என்றார்.

"அதுதாங்கம்மா விசயமே!"

(ஒன்றுமே திறந்து வைக்காமல் சோதித்தேன் என்பது பிறகுதான் உறைத்தது. காலி லாரியை மேட்டில் ஏற்றிவிட்டு மார் தட்டியிருக்கிறேன்.)

இன்டர்வியூவுக்கு முந்தின நாள் ஆயுத பூஜை. ரிக் வைத்திருக்கும் வீட்டில் தீபாவளியெல்லாம் அதற்குப் பின்னால்தான். ஸ்பேனர், பாறை துளைக்கும் ஹேமர், பிட் எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்து வரிசையாக அடுக்குவார்கள். வைத்ததை மறுநாள் காலை மறுபூஜை முடியும்வரை யாரும் தொடக் கூடாது. "உன்ர ஆயுதத்தையும் கொண்டாந்து வெய்யி" என்றார் அப்பா. வெளிநாட்டுக்காரனுக்கு விஜயதசமி ஏது? மறுபூஜை முடிந்த கையோடு இன்டர்வியூவுக்கு உட்கார்ந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். புரோகிராம், குறிப்புகள், ஏகப்பட்ட ஜன்னல்கள் எல்லாவற்றையும் திறந்தபடியே விட்டு ஹைபர்னேட் கொடுத்தேன். திரை கறுத்தது. மூடிக் கொண்டுபோய் வைத்தேன். அம்மா காற்றுப் போகும் ஓட்டைகள் மீதெல்லாம் ஆசையாகச் சந்தனம் அப்பி, புதுத் துண்டு போர்த்தி, மேலே சமமாக இருக்கிறதே என்று பொரித்தட்டை வைத்தார்.

கற்பூரம் அணைந்து சத்தம் அடங்கியதும் உஸ்ஸென்று கேட்டது. என் விசிறி! அத்தனையையும் எழுதிவைக்க டிஸ்கில் நான் ஒதுக்கிய இடம் போதவில்லை. அது தூங்கவே இல்லை.

"அப்பா, அத ஒரு நிமிசம் எடுத்துக்கறனுங்க."

"என்ன பேச்சுப் பேசற? வெச்சத எடுத்தா வருசம் பூராம் போர்ல புழுதிதான் வரும்."

"அது இன்னும் தூங்கலீங்கப்பா, உள்ள ஓடீட்டிருக்குது."

"சாமிகிட்ட வெச்சா எல்லாம் தூங்கிரும். நீ போயிச் சாப்புடு."

பூஜைக்கு வந்திருந்த ரிக் டிரைவர்களும் அவர்கள் வீட்டு ஆட்களும் என்னையே பார்த்தார்கள். சாப்பிடப் போனேன்.

மறுநாள் மறுபூஜை முடிந்து அம்மா பொரி கொடுத்தார். "ஏனுங்க, இந்த வருசம் பொரி என்னமா மொறுமொறுன்னு இருக்குதுங்க!" என்று ஒரு டிரைவர் இன்னொரு கை அள்ளினார். துண்டை விலக்கினால், ஓட்டைகளில் சந்தனம் வெந்து கல்லாகியிருந்தது. சார்ஜரைச் செருகி உயிர் கொடுத்துப் பார்த்தேன். விசிறி ஒருமுறை விக்கியது, அவ்வளவுதான். புரோகிராமுக்கு வேறு நகலும் இல்லை. (நகல் எடுத்து வைப்பது பாமரர்கள் வேலை அல்லவா?)

இன்டர்வியூவை போனில் எடுத்தேன். லேப்டாப் எழவில்லை என்றேன். ஏன் என்றார்கள். நேற்றுத் தூங்கவில்லை என்றேன். அவர்களில் ஒருவர் ரொம்ப இதமாகக் கேட்டார்: "ஷட் டவுன் செய்திருக்கலாமே?" திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"போனாப் போகுது சாமி, போனெடுக்கறதுக்கு லேப்டாப் எதுக்கு?" என்றார் அப்பா. முகத்தில் இருந்த சந்தோஷத்தை மறைக்கக்கூட அவர் மெனக்கெடவில்லை. அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

தங்கை இதற்கு ஒரு பெயர் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு தூங்காமல் கிடப்பதற்கு எங்கள் சொந்தத்தில் இப்போது 'லினக்ஸ் தூக்கம்' என்றுதான் பெயர். கட்டிக்கொண்டு வந்த வாரத்திலேயே என் மனைவிக்கும் அது பாடம். ரிக் ஆபீஸில் மத்தியானச் சோற்றுக்குப் பிறகு நாற்காலியில் சாய்ந்து நான் கண்ணை மூடினால், போர் போடக் கேட்டு வருகிறவர்களை டிரைவர் வாசலிலேயே நிறுத்துகிறார். "செத்த இருங்க, சின்ன மொதலாளி லினக்ஸ் தூக்கத்துல இருக்கறாருங்க."

எல்லோரும் சிரிப்பார்கள். கண்ணைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருப்பேன். அவர் சொல்வது சரிதான்.