மாலை விழுந்தவர் திறக்கட்டும்

கிளிநொச்சிப் பக்கத்தில் குளங்களைக் காப்பது பொறியியலாளர்மார் என்று நம்புகிறவர்கள் எங்கள் 'பூட்டுங்கோ' அண்ணையைக் கண்டதில்லை. உலகத்தில் எங்கே தண்ணீர் ஓடினாலும் அவருக்குப் பொறுக்காது. கோயிலில் அபிஷேகக் குடம் நிரம்பும்போதே பைப்பைப் பூட்டி, "காணும் ஐயா, அம்மனுக்குத் தடிமன் பிடிக்கப்போகுது" என்று குருக்களை அதட்டிய மனிதர்.

சிறுபோகக் கூட்டத்தில் குளத்தில் எத்தனை அடி தண்ணீர், எவ்வளவு விதைக்கலாம் என்று அதிகாரிகள் கதைத்துக் களைத்தபின் இவர் எழும்புவார். "கதைச்சது காணும். துருசைப் பூட்டுங்கோ!" வயலுக்குத் தண்ணீர் விடும் அந்தத் துருசை இன்னும் திறந்தே இருக்கமாட்டார்கள்.

மாரியில் குளம் நிரம்பி, மிஞ்சின தண்ணீரை வெளியே விடும் வான்கதவைத் திறப்பதென்றால், 'பூட்டுங்கோ' என்று குதிக்கிற ஆளைப் பிடிக்கவே ஏலாது. அவருடைய ஒரே வயல் வான் பாயும் வாய்க்கால் ஓரத்தில். கதவு திறந்தால் முதலில் மூழ்குவது அதுதான். "தன்ர வயலுக்கு அழுறார்" என்று நாங்கள் நக்கலடிப்போம்.

போன மாரியில் குளம் தளும்பியது. கதவைத் திறக்க ஒரு பிரமுகர் வருவதாக ஏற்பாடு. ரிப்பன், மாலை, மேளம் எல்லாம் வந்துவிட்டன; பிரமுகரைத்தான் காணோம். வழியில் ஏதோ கட்டடம் திறக்கிறாராம். தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. இனியும் சுணங்கினால் எல்லாக் கதவையும் ஒரேயடியாகத் திறக்கவேண்டி வரும். கீழே குடியேற்றத்து வீடுகள் அள்ளுண்டு போகும். இளம் பொறியியலாளர் ரிப்பனையும் ஃபோனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன தம்பி பார்க்கிறீர்? திறவும்!"

கத்தியது பூட்டுங்கோ அண்ணை! மேளகாரரே திகைத்துப்போனார்.

"ஐயா இன்னும் வரேல்லையே அண்ணை. என்னை இடம் மாத்திப் போடுவினம்."

அண்ணை தட்டிலிருந்த மாலையைத் தூக்கிப் பொறியியலாளரின் கழுத்தில் போட்டார்.

"இப்ப நீர்தான் பிரதம விருந்தினர். மேளத்தை அடியுங்கோடா!"

மேளம் முழங்க இரண்டு கதவுகள் எழும்பின. வாய்க்கால் கரையைத் தாண்டிய தண்ணீர், கதிர் தள்ள நின்ற அவருடைய நெல்லை எங்கள் கண்ணெதிரே மூடியது. நான் அவரருகே ஓடினேன்.

"அண்ணை, உங்கட வயல்..."

"அது போயிட்டுது. இனி என்ன பயம்? மற்றக் கதவையும் கொஞ்சம் தூக்கச் சொல்லு. அங்க குடியேற்றத்தில சின்னப் பிள்ளையள் இருக்குதுகள்." அவர் வயல் பக்கம் திரும்பவில்லை.

வீடுகள் தப்பின. பின்னேரம் பிரமுகர் வந்து, பாய்கிற தண்ணீருக்கு முன்னால் நின்று சிரித்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்.

இப்போது கூட்டத்துக்கு எந்தப் பெரிய மனிதர் வந்தாலும் நான் இருந்த இடத்தை விட்டு அசைவதில்லை. அண்ணை வாசலில் தலை காட்டினால் மட்டும் எழும்பி என் கதிரையைக் கொடுப்பேன்.